நாலாவது எபிசோடிலேயே எரிக்கப்படுகிறவர்கள்

அமாவாசைக்கு முதல் நாள் செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது அம்மன் அருள்தான். அப்படிக் கிடைத்த ஒரு சீட்டில், கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பேசியில் அரசியல் வெப் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெரியவரும் எட்டிப் பார்த்தபடியே வந்தார். வெள்ளை வேட்டிகள், கார் வரிசை, சட்டமன்றக் கட்டடம், காதோரம் ரகசியம் பேசும் ஆலோசகர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெரியவர் கேட்டார்: "இதுல நம்ம ஆளுங்க யாராச்சும் வர்றாங்களாப்பா?"

"வர்றாங்க தாத்தா. நாலாவது எபிசோடுல குடிசையக் கொளுத்திடறாங்க."

பெரியவர் சிரித்தார். பின்னால் நின்றிருந்த நானும் சிரித்தேன். வளத்தி வந்ததும் அவர் இறங்கிப் போய்விட்டார். அந்தப் பதில் மட்டும் என்னோடு மேல்மலையனூர் வரை வந்தது.

அரசியல் தொடர்கள் இப்போது ஏராளமாக வருகின்றன. தமிழில் 2019இல் 'குயின்' வந்தது, 2024இல் வசந்தபாலன் இயக்கத்தில் 'தலைமைச் செயலகம்' வந்தது. இந்தியில் பீகார் அரசியலைச் சாயலாகக் கொண்டு 'மகாராணி' பல பருவங்களாக ஓடுகிறது. எல்லாவற்றிலும் மையமான கேள்வி ஒன்றுதான்: நாற்காலியில் அடுத்து உட்காரப்போவது யார்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு வகை மனிதர்களை மோதவிடுவார்கள். ஒருவர் கொள்கைக்காக எதையும் இழப்பார். இன்னொருவர் 'அரசியலில் இதெல்லாம் சகஜம்' என்பார். கடைசியில் இருவரும் பாதிப்பாதி இறங்கி வருவார்கள். பார்க்கிற நமக்கும் ஏதோ பெரிய உண்மை தெரிந்துவிட்டதுபோல இருக்கும்.

இந்த மோதலில் தலித்துக்கு என்ன வேலை? பெரும்பாலும் பாதிக்கப்படுவதுதான். அவருடைய குடிசை எரிந்தால்தான் நாயகனுக்குக் கோபம் வரும். அவருடைய மகள் இறந்தால்தான் முதலமைச்சருக்கு மனசாட்சி விழிக்கும். கணக்குப் போடுவது, பேரம் பேசுவது, எதை இன்று விட்டுக்கொடுத்து எதை நாளை வாங்குவது என்று இரவெல்லாம் யோசிப்பது எல்லாம் மற்றவர்களுக்கு. நமக்கு ஒதுக்கப்பட்டது கண்ணீர். இட ஒதுக்கீட்டில் இது புதுவகை.

அரசியல் நாடகம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தேசிங்குராஜன் கதை இங்கே தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டது. ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து, தோற்போம் என்று தெரிந்தே 1714இல் போருக்குப் போன இளைஞன் அவன். 'கட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்' என்று சொல்லியிருக்கக்கூடிய நடைமுறைவாதிகள் அன்றும் இருந்திருப்பார்கள். அந்தக் கதைப்பாடலில் தேசிங்குக்கு ஒரு முஸ்லிம் நண்பன் உண்டு. அவன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போர்க்களத்துக்குப் போய்ச் சாகிறான். இரக்கத்துக்காகச் சேர்த்த துணைப்பாத்திரம் இல்லை, முடிவெடுக்கிற மனிதன். எண்ணிக்கையில் சிறியவர்களை எப்படிக் கதைக்குள் கொண்டுவருவது என்பதை நம்மூர்ப் பாட்டுக்காரர்கள் ஓரளவு அறிந்திருந்தார்கள். அந்தக் கோட்டைக்குத் தண்ணீர் சுமந்தவர்களையும் குதிரைக்குப் புல் அறுத்தவர்களையும் அந்தப் பாட்டும் பாடவில்லை என்பது வேறு கதை.

தொலைக்காட்சி வந்த கதையையும் சொல்லவேண்டும். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் பொது டிவி அறை ஊர்த்தெருவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புராணத் தொடர் பார்க்கக் காலனிப் பிள்ளைகள் போவோம். உள்ளே பாயில் இடம் இருக்கும். நாங்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். யாரும் 'வராதே' என்று சொன்னதாக நினைவில்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. 2006க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்தபோதுதான் நம் தெருப் பெண்கள் சன்னலை விட்டுத் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். பெட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. பெட்டிக்குள் நாம் போவதற்கு இன்னும் தாமதமாகிறது.

அம்பேத்கர் படத்தின் கதையே இதற்குச் சான்று. ஜப்பார் பட்டேல் இயக்கி மம்மூட்டி நடித்த அந்தப் படம் 2000இல் வெளியாகிவிட்டது. சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் பெற்றது. தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டுத் திரையரங்குக்கு வர 2010 கடைசி ஆனது. பத்து ஆண்டுகள்! பஞ்ச் வசனப் படங்கள் பத்து நாளில் மொழிமாறி வருகிற நாட்டில் இது நடந்தது.

கர்நாடகத்தில் நடந்தது வேறு. 2020 ஜூலையில், கொரோனா ஊரடங்குக் காலத்தில், அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் இந்தித் தொடரை 'மகாநாயக' என்ற பெயரில் கன்னடத்துக்கு மாற்றி ஜீ கன்னடா ஒளிபரப்பியது. கிராமம் கிராமமாக மக்களே செலவு செய்து அந்தத் தொடருக்குப் பேனர் வைத்தார்கள். சினிமா நாயகருக்கு வைப்பதுபோல, பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து படித்த ஒரு சிறுவனின் கதைக்குப் பேனர். அதே வேகத்தில் தொலைக்காட்சி நிர்வாகிக்கு மிரட்டல் அழைப்புகளும் வந்தன. ஒரு தொடரை நிறுத்தச் சொல்லி மிரட்டல் வருகிறது என்றால், அது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது மிரட்டுகிறவருக்கும் புரிந்திருக்கிறது.

ஷியாம் பெனகல் 2014இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சிக்காக எடுத்த 'சம்விதான்' பத்துப் பகுதிகள் கொண்ட தொடர். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள்தான் கதை. குண்டுவெடிப்பு கிடையாது, காதல் கிடையாது. மனிதர்கள் நின்று பேசுகிறார்கள், மறுக்கிறார்கள், திருத்தம் கொண்டுவருகிறார்கள். நான் பார்த்த அரசியல் தொடர்களில் நம் தலைவர் ஒருவர் வாதத்தால் மட்டுமே காட்சியை நடத்திச்செல்வது இதில்தான். சச்சின் கெடேகர் அம்பேத்கராக நடித்தார். 1949 நவம்பர் 25ஆம் தேதி அவர் ஆற்றிய நிறைவுரையைப் படித்த மாணவர்களுக்குத் தெரியும்: அரசியலில் சமத்துவம் வந்துவிடும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும், இந்த முரண்பாட்டோடு எத்தனை நாள் வாழ்வோம் என்று அவர் எச்சரித்தார். சட்டத்தை எழுதி முடித்த கையோடு, அதன் போதாமையையும் அவரே சொன்னார்.

இலட்சியமா நடைமுறையா என்று தொடர்கள் கேட்கும் கேள்விக்கு அம்பேத்கர் வாழ்க்கையிலேயே நூறு எபிசோடு இருக்கிறது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு மாகாண சட்டமன்றங்களில் 71 இடம், அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி முறையில். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். நாடெங்கும் பதற்றம். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 148 ஆயின, சென்னை மாகாணத்தில் மட்டும் 30. ஆனால் தேர்ந்தெடுப்பது எல்லோரும் சேர்ந்து. எண்ணிக்கை இரண்டு மடங்கானது, பிடி மற்றவர் கைக்குப் போனது. காந்தி உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தால் சேரிகளின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதையும் எண்ணித்தான் அவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அதே மனிதர் வாழ்நாளெல்லாம் எதிர்த்த காங்கிரசோடு 1947இல் அமைச்சரவையில் உட்கார்ந்தார். 1951இல் இந்து சட்ட மசோதா கைவிடப்பட்டதும் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். எப்போது உட்காருவது, எப்போது எழுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்தில் எல்லோரும் ஒரே கருத்தோடு இருந்தார்கள் என்றும் நினைக்கவேண்டாம். அதே காலத்தில் தமிழ்நாட்டின் இரண்டு பெரிய தலைவர்கள் எதிரெதிராக நின்றார்கள். வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போன இரட்டைமலை சீனிவாசன் ஒரு பக்கம். கூட்டுத்தொகுதியே போதும் என்று மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்ட எம்.சி.ராஜா இன்னொரு பக்கம். இருவருமே தம் மக்களுக்காகத்தான் கணக்குப் போட்டார்கள். யார் கணக்கு சரி என்று இன்றும் விவாதிக்கலாம். தலித் தலைவர்கள் இருவர் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தேர்தல் முறை பற்றி வாதிடும் காட்சியை ஒரு தமிழ்த் தொடர் எடுத்தால், அதற்குச் சண்டைப் பயிற்சியாளர் தேவைப்படமாட்டார்.

அமெரிக்காவில் 'தி வெஸ்ட் விங்' என்றொரு தொடர் 1999 முதல் 2006 வரை ஓடியது. அதன் கடைசிப் பருவங்களில் லத்தீன் வம்சாவளி வேட்பாளர் ஒருவர் அதிபர் தேர்தலில் நின்று வெல்கிறார். அவர் புனிதரில்லை. சமரசம் செய்கிறார், தவறுகிறார், தோற்ற எதிரியையே அமைச்சராக அழைக்கிறார். ஒபாமா வென்றது அதற்குப் பிறகு, 2008இல். தொடரால்தான் அவர் வென்றார் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிறுபான்மையினர் ஒருவர் அதிகாரத்தில் தவறும் செய்யலாம், சாமர்த்தியமும் காட்டலாம் என்று மக்கள் ஏற்கெனவே வீட்டுக்கூடத்தில் பார்த்துப் பழகியிருந்தார்கள் என்பது மட்டும் உண்மை.

நம்மிடம் அதற்கு நெருங்கி வந்தது 'மண்டேலா'. மடோன் அஸ்வின் இயக்கிய இந்தப் படம் திரையரங்குக்குப் போகாமல் 2021 ஏப்ரல் 4ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நேராக விஜய் டிவியில் ஒளிபரப்பானது. இரண்டு நாளில், ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. முடிவெட்டும் தொழிலாளி ஒருவர். ஊரில் அவருக்குப் பெயர்கூட இல்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், வீட்டு முன்வாசல் அவருக்குக் கிடையாது. தபால் அலுவலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கப்போன இடத்தில் ஒரு பெயர் கிடைக்கிறது, அடையாள அட்டை கிடைக்கிறது, வாக்கு கிடைக்கிறது. ஊராட்சித் தேர்தலில் இரண்டு சாதிக் குழுக்களும் சமமாக நிற்க, அவருடைய ஒரு வாக்குதான் முடிவு செய்யப்போகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, அவர் முதலில் செய்வது தியாகம் அல்ல என்பதுதான். இரண்டு பக்கமும் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார். ஏன் வாங்கக்கூடாது? வாழ்நாளில் முதல்முறையாக யாரோ கொடுக்கிறார்கள். பிறகுதான், தனக்கு வாங்குவதைவிட ஊருக்கு வாங்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வருகிறது. மேடைப் பேச்சு எதுவும் இல்லாமல் நடைமுறையிலிருந்து இலட்சியத்துக்கு ஒரு மனிதர் நடந்துபோகிறார். அந்த நடையை எந்த உயர்சாதி நாயகனும் கைபிடித்து நடத்தவில்லை. குறை ஒன்று உண்டு. அவர் தனி ஆள். சொந்தமில்லை, தெருவில்லை. நிஜத்தில் நம் தெருக்களில் முந்நூறு, ஐந்நூறு வாக்குகள் இருக்கின்றன. அவை எப்படிப் பிரிகின்றன, பிரிக்கப்படுகின்றன என்பதுதான் உண்மையான கதை.

2023இல் மாரி செல்வராஜ் 'மாமன்ன'னில் தனித்தொகுதி சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைக் காட்டினார். சொந்தக் கட்சிக்காரர் வீட்டில், நாற்காலி காலியாக இருக்கும்போதும் அவர் நின்றுகொண்டே பேசுகிறார். வடிவேலுவின் அந்த நிற்பைப் பார்த்து நம் பகுதியில் பலர் அமைதியாகிவிட்டார்கள். விழுப்புரம் மக்களவைத் தொகுதியும், திண்டிவனம், வானூர் சட்டமன்றத் தொகுதிகளும் தனித்தொகுதிகள் என்பதால், அந்தக் காட்சியை விளக்கச் சொல்ல இங்கே ஆள் தேவையில்லை. படத்தின் முடிவில் அவர் சட்டப்பேரவைத் தலைவர் ஆகிறார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். தமிழ்நாட்டில் ஜெ.சிவசண்முகம் பிள்ளை 1946லேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ப.தனபால் 2012 முதல் 2021 வரை உட்கார்ந்தார். நிஜம் ஏற்கெனவே போய்ச்சேர்ந்த இடத்திலேயே கற்பனையும் ஏன் நின்றுவிடுகிறது? அதற்கு அடுத்த நாற்காலியைக் கனவு காணவும் படத்தில் செலவு அதிகமில்லையே.

'ஜெய் பீம்' 2021இல் ஓடிடியில் வந்தபோது நம் மாவட்டத்து இருளர் குடியிருப்புகளில் பலர் கைப்பேசியில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். சிறுபான்மைக்குள் சிறுபான்மை அவர்கள். சாதிச் சான்றிதழுக்கு ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்கள். அந்தப் படத்தில் வழக்கறிஞர்தான் நாயகன் என்ற விமரிசனம் சரியே. ஆனால் படத்தின் பெரிய அரசியல் முடிவை எடுப்பவர் செங்கேணி. வழக்கை விட்டுவிட்டால் பணம் தருகிறோம் என்கிறார்கள், வயிற்றில் பிள்ளையோடு அவர் மறுக்கிறார். வறுமைப்பட்டவர்களுக்கு இலட்சியம் கட்டுப்படியாகாது என்பது வசதியானவர்களின் நம்பிக்கை. 1993இல் கடலூர் பக்கம் நடந்த அந்த உண்மை வழக்கு அப்படி நடந்திருந்தால் நீதிமன்றத்தைத் தொட்டே இருக்காது. படம் வந்த பிறகு என்ன நடந்தது? ஒரு காட்சியில் சுவரில் தெரிந்த காலண்டரைப் பற்றி வாரக்கணக்கில் சத்தம். படக்குழு அதை மாற்றியும் சத்தம் ஓயவில்லை. காவல்நிலையத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதைப் பற்றிய பேச்சு, காலண்டரைப் பற்றிய பேச்சாக மாறிப்போனது. யாருக்குக் காயம் என்பதைக்கூட எண்ணிக்கையில் பெரியவர்களே முடிவு செய்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல நாடகம் தேவையில்லை.

எனக்கு வேண்டிய தொடர் வேறு. அது தலைமைச் செயலகத்தில் நடக்காது, ஊராட்சி மன்றக் கட்டடத்தில் நடக்கும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதற்காக 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே நடக்கவிடவில்லை. வென்றவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதம் கொடுத்தார். 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் வென்று உட்கார்ந்தே தீருவேன் என்ற முருகேசன் 1997 ஜூன் 30இல் ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். ராஜினாமா செய்தவரைக் கோழை என்றும் முருகேசனை வீரர் என்றும் எழுதிவிட்டுப் போவது எளிது. ராஜினாமா செய்த அன்று இரவு அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? மனைவி என்ன சொன்னார்? மறுநாள் யாருடைய வயலுக்குக் கூலிக்குப் போகவேண்டியிருந்தது? நடைமுறை என்ற சொல்லுக்கு அங்கே விலை என்ன என்று காட்டுகிற ஒரு எபிசோடை யாரும் எடுக்கவில்லை.

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் நாடெங்கும் பரவியது. 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்தன்று பட்டியலின ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதைத் தடுக்கக்கூடாது என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதவேண்டி வந்தது. சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு அது.

இன்னும் நுட்பமானது காசோலை. நம் சட்டப்படி ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திடவேண்டும். தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வரும் ஊர்களில் துணைத்தலைவர் பதவிக்குத் திடீரென்று மவுசு கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். அடிக்கல் நாட்டக் கூப்பிடுவார்கள், மாலை போடுவார்கள், காசோலை மட்டும் நகராது. காலனிக்குக் குடிநீர்க் குழாய் வேண்டுமென்றால், ஊர்த்தெருவுக்கு முதலில் சிமெண்ட் சாலை போட ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொள்ளலாமா? ஒப்புக்கொண்டால் சொந்தத் தெருவில் 'விலைபோய்விட்டார்' என்பார்கள். மறுத்தால் ஐந்தாண்டுக்கும் குழாய் வராது. தலைவர் பெண்ணாக இருந்தால் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள், கணவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். வாஷிங்டனுக்கும் கோட்டைக்கும் போய்த் தேடுகிற அந்த மோதல் ஒரு காசோலைப் புத்தகத்தில் இருக்கிறது.

செஞ்சி, திண்டிவனம் கல்லூரிகளில் ஊடகம் படிக்கிறவர்கள், கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கிறவர்கள் நம் வாசகர்களில் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்டோபர் 2ஆம் தேதி கிராமசபைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். தீர்மான நோட்டு யார் கையில் இருக்கிறது, யார் பேசும்போது விசிறிச் சத்தம் கேட்கிறது, யார் எழுந்தால் பேச்சு நிற்கிறது, காலனிப் பெண்கள் எந்த நேரத்தில் எழுந்து போகிறார்கள் என்று எழுதி வையுங்கள். தலைவரிடமும் பேசுங்கள், துணைத்தலைவரிடமும் பேசுங்கள். இரண்டு பேருக்கும் நல்ல வசனம் எழுதுங்கள். நம்மவர் என்பதற்காகத் தலைவரைப் புனிதராக்கவேண்டாம். அவர் கமிஷன் வாங்கினால் அதையும் எழுதுங்கள். கூடவே, அதே கமிஷனை முப்பது ஆண்டுகள் வாங்கியவரை யாரும் கேட்காமல் இவரை மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

படம் முடிந்ததும் முதலில் யூடியூபில் ஏற்றவேண்டாம். ஒரு வெள்ளைத் திரையைக் கட்டி ஊர்த்தெருவும் காலனியும் சேர்கிற முனையில் போட்டுக் காட்டுங்கள். தெருக்கூத்துக்குக் கூடுகிற கூட்டம் அதற்கும் கூடும். வளத்தியில் இறங்கிய பெரியவர் மாதிரி ஒருவர் வந்து உட்கார்ந்து, நாலாவது எபிசோடுக்கு அப்புறமும் அவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பார்.